மூளைக்குள் ரத்தக்கசிவு: ரத்தத்தை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?

#1 மழைக்காலம்

அம்மாவுக்கு 61 வயது. நான்கு நாட்களுக்கு முன் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர், வலது கை மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். பத்து நிமிடத்துக்குள் பேச்சு குழறியது. வாந்தி எடுத்தார். அப்புறம் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது பிபி 210/120. சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் "இடது பேசல் கேங்லியாவில் ரத்தக்கசிவு, சுமார் 18 மில்லி" என்று இருக்கிறது. மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியாம் அது.

அம்மாவுக்குப் பத்து வருடமாக பிபி உண்டு. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று பாதி நாள் போடாமலே இருந்திருக்கிறார். அது எங்களுக்கு இப்போதுதான் தெரிய வந்தது.

டாக்டர் ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே பார்க்கலாம் என்கிறார். வீட்டில் தினமும் சண்டை. "தலைக்குள் ரத்தம் கட்டி நிற்கிறது, அதை எடுக்காமல் என்ன வேடிக்கை பார்க்கிறார்கள், வேறு இடத்துக்குக் கொண்டுபோவோம்" என்கிறார் சித்தப்பா. அவருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்குத் தலையில் ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்தார்களாம், ஒரே வாரத்தில் நடந்து வீட்டுக்கு வந்தாராம். அப்படியானால் அம்மாவுக்கு மட்டும் ஏன் செய்யவில்லை? கைவிட்டுவிட்டார்களா?

இன்னொன்று. ரிப்போர்ட்டில் இடது என்று இருக்கிறது. ஆனால் ஃபிலிமில் வெள்ளையாகத் தெரிவது வலது பக்கம். வேறு யாருடைய ஸ்கேனையாவது கொடுத்துவிட்டார்களோ என்று ஒரு பயம்.

#2 ஓய்வுபெற்றவன்

சித்தப்பா சொல்லும் பெரியவர் நானில்லை, ஆனால் என் கதையும் அதேதான். 74 வயதில் குளியலறையில் வழுக்கிச் சுவரில் தலை இடித்தது. ரத்தம் வரவில்லை, வீக்கம்கூட இல்லை, நானே மறந்துவிட்டேன். இதயத்துக்காக, ரத்தம் கட்டாமல் இருக்க, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வாரம் கழித்து நடை தள்ளாடியது. சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டேன். பகலெல்லாம் தூக்கம். வயதாகிவிட்டது, மறதி என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். மகள்தான் பிடிவாதமாக ஸ்கேன் எடுக்கவைத்தாள்.

இரண்டு ஓட்டை போட்டார்கள். வெளியே வந்தது பழைய இன்ஜின் ஆயில் மாதிரி இருந்ததாம். ஒரு டியூபை இரண்டு நாள் வைத்திருந்து எடுத்தார்கள். ஆறாம் நாள் வீடு. ஆனால் எனக்குக் கசிந்தது மூளைக்குள் இல்லை, மூளைக்கு மேலே. இரண்டும் வேறு வேறு என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். இங்கே தெரிந்தவர்கள் விளக்கட்டும்.

#3 வெண்பலகை

நான் நரம்பியல் மருத்துவர். அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

ஓய்வுபெற்றவன் ஐயா முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார். "மூளையில் ரத்தக்கசிவு" என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. மண்டையோட்டுக்கு உள்ளே டியூரா என்ற தடித்த உறை. அதற்குள் அரக்னாய்டு என்ற மெல்லிய சவ்வு. அதற்கும் கீழே மூளை. இந்த அடுக்குகளில் எங்கே கசிகிறது என்பதைப் பொறுத்து காரணமும் மாறும், வைத்தியமும் மாறும்.

எலும்புக்கும் டியூராவுக்கும் நடுவே கசிந்தால் எபிட்யூரல். பெரும்பாலும் பொட்டு எலும்பு உடைந்து, அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிவதால் வருவது. அடிபட்டவர் மயங்கி, எழுந்து, நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி மயங்குவார். நடுவில் வரும் அந்தத் தெளிவை நம்பி வீட்டுக்கு அழைத்துப்போய் இழந்தவர்கள் உண்டு. இதற்கு உடனே ஆபரேஷன்.

டியூராவுக்குக் கீழே கசிந்தால் சப்டியூரல். ஐயாவுக்கு வந்தது இதன் நாள்பட்ட வகை. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும். அதனால் மூளையிலிருந்து டியூராவுக்குப் போகும் சிறு சிரைகள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே கிழியும். ரத்தம் மெதுவாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் நீர்த்துப்போய் மூளையை மேலிருந்து அமுக்கும். மூளைத் திசு சேதமாகவில்லை, அமுங்கி மட்டும்தான் இருக்கிறது. அழுத்தத்தை எடுத்தால் எழுந்து உட்காருகிறார்.

அம்மாவுக்கு வந்தது மூளைத் திசுவுக்கு உள்ளேயே. வருடக்கணக்கான உயர் ரத்த அழுத்தம், மூளையின் ஆழத்துக்குப் போகும் நூல் போன்ற தமனிகளின் சுவரை நைந்துபோகச் செய்கிறது. இவற்றில் குட்டிப் புடைப்புகள் வருவதை ஷார்கோவும் பூஷாரும் 1868-லேயே எழுதிவைத்தார்கள். அந்தத் தமனி உடைகிற இடங்களும் ஏறக்குறைய நிலையானவை: பேசல் கேங்லியா, தலாமஸ், மூளைத்தண்டின் பான்ஸ், சிறுமூளை. உடைந்த நொடியிலேயே ரத்தம் நரம்பு இழைகளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. கட்டியை எடுத்தாலும் கிழிந்தது ஒட்டாது. அதோடு அதை எடுக்க, மேலே இருக்கும் நல்ல மூளையைத் துளைத்துக்கொண்டுதான் ஆழத்துக்குப் போக வேண்டும்.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 2005-இல் வெளிவந்த ஸ்டிச் ஆய்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். ஒரு பகுதியினருக்கு முதலிலேயே ஆபரேஷன், மற்றவர்களுக்கு மருந்து, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே 18 மில்லி, ஆழத்தில், கூப்பிட்டால் கண் திறக்கிறார் என்னும்போது ஆபரேஷன் வேண்டாம் என்பது கைவிடுவது ஆகாது. பெரும்பாலான மருத்துவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

#4 சுடச்சுட

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு. ஸ்ட்ரோக் வந்த உடனே பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் மூளையில் அழுத்தம் குறைந்து ஆள் எழுந்துவிடுவார். காது மடலிலும் குத்தலாம். நோயாளியை இடத்தைவிட்டு நகர்த்தவே கூடாது. எனக்கு ஒரு டாக்டர் அனுப்பியதாக வந்தது.

#5 இரவுப்பணி

இதை நம்பி விரல் நுனியெல்லாம் ஓட்டையாக, மூன்று மணி நேரம் தாமதமாக வந்த நோயாளியை நான் பார்த்திருக்கிறேன். நரம்பியல் ஐசியூ நர்ஸ் நான், சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். விரலில் வரும் சொட்டு ரத்தத்துக்கும் மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. "நகர்த்தக் கூடாது" என்பது அதைவிட ஆபத்து. அந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கசிவு பெருகிக்கொண்டிருக்கும்.

இன்னொரு தப்பு, மாரடைப்புக்குச் சொல்வதைக் கேட்டுவிட்டு ஸ்ட்ரோக்குக்கும் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது. குழாய் அடைத்ததா, உடைந்ததா என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எங்களாலும் முடியாது. இரண்டிலும் வாய் கோணும், கை விழும், பேச்சு குழறும். ஸ்கேனுக்குப் பிறகுதான் தெரியும். உடைந்த குழாயாக இருந்தால் அந்த ஆஸ்பிரின் எரிகிற வீட்டில் எண்ணெய். பிபி மாத்திரையை நாக்குக்கு அடியில் வைப்பதும் வேண்டாம், தடாலென்று இறங்கிவிடும்.

வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு ஒரு பையில் அள்ளிக்கொண்டு வாருங்கள். அந்தப் பைக்காக நாங்கள் எவ்வளவு ஏங்குவோம் தெரியுமா?

#6 கறுப்புவெள்ளை

ஃபிலிம் குழப்பத்துக்கு நான் பதில் சொல்கிறேன், சிடி அறையில் வேலை செய்பவன். படம் நோயாளியின் கால்மாட்டில் நின்று பார்ப்பது போல அச்சாகும். எதிரே நிற்பவரின் இடது கை உங்களுக்கு வலது பக்கம் தெரியும் அல்லவா? அதேதான். ஓரத்தில் சிறிய எழுத்து ஒன்று இருக்கும், அது நோயாளியின் பக்கத்தைக் குறிப்பது. வலது கை விழுந்து, பேச்சும் போனது என்றால் இடது மூளைதான். உங்கள் அம்மாவின் ஸ்கேன்தான், பயப்படாதீர்கள்.

18 மில்லி எப்படி வந்தது என்று கேட்காமலே சொல்கிறேன், இது எனக்குப் பிடித்த கணக்கு. கட்டி பெரிதாகத் தெரியும் படத்தில் நீளம், அதற்குக் குறுக்கே அகலம், எத்தனை அடுக்குகளில் தெரிகிறதோ அதை வைத்து உயரம். மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். 4 செ.மீ., 3 செ.மீ., 3 செ.மீ. என்றால் 36, பாதி 18. ஏறக்குறைய சரியாக வரும்.

புது ரத்தம் சிடியில் பளிச்சென்று வெள்ளை. நாளாக ஆக மங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்துவிடும், அப்போதுதான் சப்டியூரலைக் கோட்டைவிடும் அபாயம். அதற்கும் பிறகு கறுப்பாகிவிடும். மருந்து ஏற்றாத சாதாரண சிடி, சில நிமிட வேலை. 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை சிடி எடுக்கும்வரை, உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் ரத்தத்தை நேரே பார்க்க வழியே கிடையாது.

#7 மழைக்காலம்

எல்லோருக்கும் நன்றி. ஃபிலிம் விஷயத்தை சித்தப்பாவிடம் காட்டினேன், கொஞ்சம் அடங்கினார்.

இன்னும் சில கேள்விகள். மறுநாளே இரண்டாவது சிடி எடுத்தார்கள், 19 மில்லி. "மாற்றமில்லை" என்றார்கள். ஒரு மில்லி கூடியிருக்கிறதே? பிபியை ஊசி பம்ப் வைத்து 140-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 210-இலிருந்து இவ்வளவு இறக்கலாமா? பக்கத்து படுக்கைக்காரருக்கு மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ எடுத்தார்கள், அம்மாவுக்கு ஏன் இல்லை?

#8 வெண்பலகை

ஒரு மில்லி, அளப்பதில் வரும் வித்தியாசம். இரண்டாவது சிடி எதற்கென்றால், முதல் சில மணி நேரத்தில் கணிசமானவர்களுக்குக் கட்டி பெரிதாகும். அப்படிப் பெரிதாவதுதான் நிலைமையை மோசமாக்குகிறது. அதைத் தடுப்பதுதான் முதல் நாள் வைத்தியத்தின் பெரும்பகுதி. மேல் எண்ணை 140 அளவுக்கு, 130-க்கும் 150-க்கும் நடுவில், ஏற்ற இறக்கம் இல்லாமல் பிடித்துவைப்பது அதற்காகத்தான். ரொம்பவும் கீழே இறக்கினால் சிறுநீரகம் அடிவாங்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதை முறிக்க வேண்டும். வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே-யும் உறைதல் காரணிகளின் செறிவும். டாபிகாட்ரான் என்றால் அதற்கென்றே ஒரு மாற்றுமருந்து இருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிட்டவருக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணு ஏற்றுவது தர்க்கப்படி சரியாகத் தோன்றும். ஆனால் 2016-இல் வந்த பேட்ச் ஆய்வில் ஏற்றியவர்களுக்குத்தான் முடிவு மோசமாக இருந்தது. தர்க்கத்தை நம்பி நாங்கள் ஏமாந்த இடங்களில் ஒன்று.

ஆஞ்சியோ எல்லோருக்கும் தேவையில்லை. வயது, நெடுநாள் பிபி, வழக்கமான ஆழமான இடம், மூன்றும் பொருந்தினால் காரணம் பெரும்பாலும் தெளிவு. இளவயது, பிபி இல்லை, மூளையின் மேற்பகுதியில் கசிவு என்றால் தேடியாக வேண்டும்: தமனியும் சிரையும் நேராகப் பின்னிக்கொண்ட பிறவிக் கோளாறு, புடைப்பு, சிரை அடைப்பு, ட்யூமர் கட்டி, போதைப்பொருள். வயதானவர்களுக்கு மேற்பகுதியில் வந்தால் அமிலாய்டு என்ற புரதம் குழாய்ச் சுவரில் படிந்திருக்கலாம். எம்ஆர்ஐயில் பழைய நுண்கசிவுகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்த வகை திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

#9 கத்திப்பிடி

டாக்டருடன் ஒரு சின்ன வழக்கு. நான் நியூரோசர்ஜரி பயிற்சியில் இருப்பவன். ஸ்டிச் ஆய்வை வைத்து "ஆபரேஷனால் பயனில்லை" என்று வீட்டுக்காரர்கள் புரிந்துகொண்டால் அது வேறு ஆபத்து. கண்ணெதிரே சரிந்துகொண்டிருப்பவரை அந்த ஆய்வில் சீட்டுக் குலுக்கிச் சேர்க்கவில்லை. எந்தப் பக்கம் நல்லது என்று சர்ஜனுக்கே சந்தேகம் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள்.

சிறுமூளையில் 3 செ.மீ.க்கு மேல் கட்டி, மூளைத்தண்டை அமுக்குகிறது என்றால் காத்திருக்கவே கூடாது. காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் மூச்சு நிற்பது அங்கேதான். ரத்தம் மூளையின் நீர் அறைகளுக்குள் இறங்கி நீர் ஓட்டத்தை அடைத்தால், மெல்லிய டியூப் வைத்து வெளியே வடிக்கிறோம். உயிரைப் பிடித்துவைக்கும் வேலை அது. மேற்பகுதிக் கட்டிகளுக்குச் சிறு துளை வழியாக எடுக்கும் முறை 2024-இல் என்ரிச் ஆய்வில் பயன் காட்டியது. ஆனால் அந்தப் பயன் ஆழத்தில் இருந்த கட்டிகளுக்குக் கிடைக்கவில்லை.

மழைக்காலம், அம்மா விஷயத்தில் நானும் கத்தியைத் தொட மாட்டேன். ஆனால் தூக்கம் கூடுகிறது, ஒரு கண்மணி மட்டும் விரிகிறது என்றால் முடிவு மாறும். கட்டியைச் சுற்றியுள்ள வீக்கம் முதல் சில நாட்களில் வேகமாகக் கூடும். அதற்காகத்தான் மணிக்கு ஒருமுறை எழுப்பித் தொல்லை செய்கிறார்கள்.

#10 வெண்பலகை

ஒப்புக்கொள்கிறேன். நான் சுருக்கியதில் அது விட்டுப்போனது.

#11 பழையசைக்கிள்

நான்காவது வகையை யாரும் சொல்லவில்லை, நான் அந்த வகை. 43 வயது. மாடிப்படி ஏறும்போது பின்மண்டையில் யாரோ உலக்கையால் போட்டது போல ஒரு வலி. ஒற்றைத் தலைவலி எனக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு, ஆனால் அது ஏறி ஏறி வரும். இது வந்த நொடியிலேயே உச்சியில் இருந்தது. போன இடத்தில் மைக்ரேன் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மறுநாள் கழுத்தை மடக்க முடியவில்லை. வேறு இடத்தில் சிடி எடுத்தார்கள், சந்தேகமாக இருந்தது. அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டியது மஞ்சளாக வந்தது.

அரக்னாய்டுக்குக் கீழே கசிவு. தமனியில் மொட்டு மாதிரி ஒரு புடைப்பு, அது வெடித்திருக்கிறது. மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் நாளில்தான் ரொம்ப அதிகம் என்று பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரு நாளை நான் வீட்டில் படுத்துக் கழித்திருக்கிறேன். தொடை வழியாகக் கம்பி விட்டு, புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்பி அடைத்தார்கள். மண்டையைத் திறந்து கிளிப் போடுவது இன்னொரு வழி, அது 1937 முதலே இருக்கிறதாம். எனக்கு அமைந்த வடிவத்துக்குச் சுருள் போதும் என்றார்கள்.

அடைத்தபின் முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. சிந்திய ரத்தம் மற்றத் தமனிகளைச் சுருங்கவைக்குமாம், மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரம்வரை. அதற்காக நிமோடிபின், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். நள்ளிரவு இரண்டு மணிக்கும் எழுப்புவார்கள்.

#12 சந்தேகப்பிராணி

அப்படியானால் தலைவலி வந்தவர்களெல்லாம் சிடிக்கு ஓட வேண்டுமா?

#13 வெண்பலகை

வேண்டாம். பெரும்பாலான தலைவலிகள் தொல்லை மட்டும்தான். ஒரு நிமிடத்துக்குள் உச்சம் தொடும் வலி, வாழ்க்கையில் இதுவரை வராத வலி, கூடவே வாந்தி, மயக்கம், வலிப்பு, கழுத்து இறுக்கம், இவற்றுக்கு ஓடுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் நல்ல சிடி எடுத்துச் சரியாகப் படித்தால் அரக்னாய்டு கசிவு தப்புவது மிக அரிது. நேரமாகிவிட்டால் முதுகு நீர் தேவைப்படும். அதில் மஞ்சள் நிறம் தெரிய ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும்.

பிபியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்பதற்கு ரூஸ்வெல்ட்டைப் பாருங்கள். 1944-இல் அமெரிக்க அதிபருக்கு 186/108. இன்று உள்ள மாத்திரை எதுவும் அன்று இல்லை. உப்பைக் குறை, ஓய்வெடு, பெரும்பாலும் அவ்வளவுதான் வைத்தியம். 1945 ஏப்ரல் 12 அன்று தலை பிளக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்தது 300/190. அன்றே இறந்தார். அவருக்குக் கிடைக்காத மாத்திரை இன்று வீட்டு அலமாரியில் கிடக்கிறது. தலை சுற்றினால் அதை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

#14 மழைக்காலம்

12-ஆம் நாள். அம்மாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். கண் திறந்து பார்க்கிறார், நாங்கள் பேசினால் அழுகிறார். "ம்" தவிர எதுவும் வரவில்லை. மூக்கு வழியாகத்தான் உணவு. காலில் காற்றடைக்கும் உறை ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அவருக்கு நாங்கள் பேசுவது புரிகிறதா?

#15 இரவுப்பணி

பேச வராததும் புரியாததும் ஒன்றல்ல. "கண்ணை மூடுங்கள்" என்று சைகை காட்டாமல் சொல்லிப் பாருங்கள். மூடினால் புரிகிறது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், சின்ன வாக்கியமாக, ஆமா இல்லை என்று தலையாட்டும்படி. அறையில் நாலு பேர் நின்று அவரைப் பற்றியே பேசாதீர்கள், பாவம், எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்.

காலில் இருப்பது ரத்தம் உறையாமல் இருக்க. அசையாமல் படுத்தால் காலில் கட்டி உருவாகி நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கு டியூபை எடுக்கச் சொல்லி அவசரப்படாதீர்கள். விழுங்கும் சோதனை முடியாமல் ஆசையாக ஊட்டிய ஒரு கரண்டி, நிமோனியாவில் கொண்டுபோய் விட்டதை நிறையப் பார்த்துவிட்டேன்.

#16 ஓய்வுபெற்றவன்

வலது கைக்குப் பிசியோ தொடங்கியாச்சா? நானும் தினமும் எண்ணி எண்ணிச் செய்தேன். கோபம் வரும், வரட்டும்.

#17 மழைக்காலம்

மூன்று மாதம் ஆகிறது, பலரும் தனிமடலில் கேட்டதால் எழுதுகிறேன். டியூப் எடுத்தாகிவிட்டது. கோல் பிடித்து அறைக்குள் நடக்கிறார். சொற்கள் திரும்புகின்றன, ஆனால் இடம் மாறி வருகின்றன. சீப்பு கேட்டால் சாவி என்கிறார், உடனே தப்பு என்று தெரிந்து சிரித்தும்விடுகிறார். வலது கை தோள்வரை தூக்குகிறது, விரல்கள் இன்னும் இல்லை. மறு சிடியில் ரத்தம் கரைந்து, அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருக்கிறது.

பிபி 130/80-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள். காலை மாலை நானே அளந்து நோட்டில் எழுதுகிறேன். ஒரு சந்தேகம்: வலது கையில் ஒரு மாதிரியும் இடது கையில் ஒரு மாதிரியும் காட்டுகிறது. எதை எழுதுவது?

#18 இரவுப்பணி

நல்ல கையில், அதாவது இடது கையில். செயலிழந்த கையில் தசை இறுக்கத்தால் அளவு தப்பாகக் காட்டலாம். ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு அளவெடுங்கள், அளக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

#19 மழைக்காலம்

இடது கை. சரி, நோட்டின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன். பேசாமல் இருக்கச் சொன்னால்தான் இப்போது அம்மாவுக்குக் கோபம் வருகிறது.